புலம்பெயர்ந்த நாட்டில் வானொலிச் செய்தியாளர் பணி: மெல்பர்னில் எங்கிருந்து தொடங்குவது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளராகவும், அதன் பிறகு மாவட்டச் செய்திகளைத் திரட்டி எழுதித் தரும் பணியிலும் சில ஆண்டுகள் இருந்தவள் நான். கணவரின் வேலையை ஒட்டி ஆஸ்திரேலியாவுக்கு வந்து, இப்போது மெல்பர்னின் மேற்கே டார்னீட்டில் குடியிருக்கிறோம். வேலை செய்யத் தடையில்லாத நிரந்தர விசா கையில் இருக்கிறது. கணக்கர் படிப்பு, குழந்தைகள் காப்பகப் பயிற்சி என்று நண்பர்கள் பல வழிகளைச் சொல்கிறார்கள். எனக்கோ மைக்கின் முன் அமர்ந்து செய்தி சொல்வதைத் தவிர வேறொன்றில் மனம் செல்லவில்லை.

பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.பி.எஸ்.ஸின் தமிழ் நிகழ்ச்சியையும், தன்னார்வலர்கள் நடத்தும் சமூக வானொலி நிகழ்ச்சிகள் சிலவற்றையும் கேட்டு வருகிறேன். ஊரில் பெற்ற அனுபவம் இங்கே எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது என் முதல் கேள்வி. நேயர்களில் இலங்கைத் தமிழர்கள் மிகுதி என்கிறார்கள். என் உச்சரிப்பும் பேச்சும் அவர்களுக்கு அந்நியமாகப் படுமா? தமிழ்நாட்டு அரசியலும், அங்குள்ள அதிகாரிகள், கட்சிக்காரர்கள், பத்திரிகை நண்பர்கள் ஆகியோரின் தொடர்பும் எனக்கு நன்றாக இருப்பதால், ஊரிலிருந்து வரும் செய்திகளைத் தருவதே என் பலமாக இருக்கும் என்று கருதுகிறேன். அது சரியான கணிப்புதானா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஒலிவாங்கி எழுதியது:

வணக்கம் சகோதரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மெல்பேர்ணில் நீண்ட காலமாக வானொலி ஊடகவியலாளராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடை அதிலேயே தங்கியிருக்கிறது. ஊர்ச் செய்தி உங்களுடைய பலம் அல்ல. சென்னையில் ஒரு அமைச்சர் பேசி முடிக்கும் முன்பே அந்தக் காணொளி டார்னீட்டில் இருக்கும் நேயரின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அதை மாலை நேரத்தில் நீங்கள் மறுபடியும் வாசிப்பதால் அவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. அவர் குடியிருக்கும் நகரத்தில், அவர் வரி கட்டும் அரசு என்ன செய்கிறது என்பதைத் தமிழ் வீட்டில் எழும் கேள்விகளோடு விசாரித்துச் சொல்வதற்குத்தான் ஆள் போதாது.

அவுஸ்திரேலியாவில் பன்மொழி வானொலி பிறந்த காரணமே இதுதான். 1975-ஆம் ஆண்டு யூன் மாதம் சிட்னியில் 2ஈ.ஏ., மெல்பேர்ணில் 3ஈ.ஏ. என்னும் இரண்டு சிறிய நிலையங்கள் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கப்பட்டன. பிரதமர் விட்லமின் அரசு அறிமுகப்படுத்திய மெடிபேங்க் என்னும் பொது மருத்துவக் காப்புறுதித் திட்டம் அடுத்த மாதமே நடைமுறைக்கு வரவிருந்தது. ஆங்கிலம் அறியாத குடியேறியவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லும் வழி அரசிடம் இருக்கவில்லை. அந்த ஏற்பாடு நிலைத்து, 1978-இல் எஸ்.பி.எஸ். நிறுவனமாக உருப்பெற்றது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது ஒலிபரப்பி வருகிறது. நாட்டின் பல்பண்பாட்டுச் சமூகத்தைப் பிரதிபலித்து அனைவருக்கும் தகவலும் கல்வியும் மகிழ்வூட்டலும் தர வேண்டும் என்பதை 1991-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கடமையாக எழுதி வைத்திருக்கிறது. ஆகவே தாய்நாட்டைப் பிரிந்த துயரை ஆற்றுவதற்காக இந்த வானொலிகள் தொடங்கப்படவில்லை. ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் யார் பணம் கட்டுவது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத் தொடங்கப்பட்டவை அவை.

அதன் தேவை தீர்ந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2020 யூலை 4 அன்று, பிளெமிங்டன், வட மெல்பேர்ண் பகுதிகளில் உள்ள ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்கள் கொரோனா பரவல் காரணமாக முன்னறிவிப்பின்றி முழுமையாக முடக்கப்பட்டன. ஏறத்தாழ 3,000 பேர் வீட்டுக் கதவுக்கு வெளியே வர முடியாத நிலையில், பலருக்கு வாசலில் நிற்கும் காவலர் என்ன சொல்கிறார் என்பதுகூடப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் போதவில்லை என்பது பிறகு அரசுத் துறைகள் மீதான புகார்களை விசாரிக்கும் மாநில முறைகேள் அதிகாரியின் விசாரணையில் பேசப்பட்டது. அந்த நாட்களில் மக்களின் மொழியை அறிந்த ஒரு வானொலிக்காரருக்கு இருந்த பொறுப்பை நினைத்துப் பாருங்கள். அரசின் அறிவிப்பைத் தமிழில் வாசிப்பதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அந்த அறிவிப்பில் விடுபட்டுப்போனதை அதிகாரியிடம் ஆங்கிலத்தில் கேட்டு, கிடைத்த பதிலைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முன்னதை மொழிபெயர்ப்பாளரும் செய்துவிடுவார்; செய்தியாளரின் வேலை பின்னதில்தான் இருக்கிறது.

இதே காரணத்தால்தான் நம் மொழி வானொலிகள் தவறவிடும் செய்திகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. 2015-இல் செவன்-இலெவன் கடைகளில் வெளிநாட்டு மாணவர்களுக்குச் சட்டப்படியான ஊதியம் தரப்படாமல் இருந்ததை ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ‘ஃபோர் கோர்னர்ஸ்’ நிகழ்ச்சியும் ஃபேர்பாக்ஸ் நாளிதழ்களும் கூட்டாக வெளிக்கொண்டு வந்தன. பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசிய மாணவர்கள் ஏராளம். அவர்கள் தங்கள் தாய்மொழியில் பேசியிருக்கக்கூடிய ஒரு செய்தி அது. ஆங்கில ஊடகத்தில் முதலில் வந்தது. இது போன்ற ஒன்றை முதலில் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கப்போகிறீர்கள். ஊர் அரசியலில் அப்படி ஓர் இடம் உங்களுக்கு இனிக் கிடைக்காது.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2021-ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 95,000 பேர். அவர்களில் இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் என்று எல்லா இடத்தவரும் இருக்கிறார்கள். செய்தி வாசிக்கும் தமிழ் எழுத்துத் தமிழாகவே இருப்பதால் அங்கே சிக்கல் எழுவதில்லை. செவ்விகளில், அதாவது பேட்டிகளில், எதிரில் இருப்பவர் தன் ஊர்ப் பேச்சில் பேசட்டும், நீங்கள் உங்கள் பேச்சில் கேளுங்கள். ஒருவரைப் போல இன்னொருவர் பேச முயல்வதுதான் நேயரை எரிச்சலூட்டும். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன்: இங்குள்ள எங்கள் மூத்த நேயர்கள், அறிவிப்பாளர்களான மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். இலங்கை வானொலி வைத்துவிட்டுப் போன அளவுகோலால்தான் உங்களையும் அளப்பார்கள். ஒரு பெயரைத் தவறாக உச்சரித்தால் அன்றே தொலைபேசியில் திருத்துவார்கள். அதைப் பகையாகக் கொள்ள வேண்டாம்.

உங்களிடம் உண்மையில் இருக்கும் பலத்தை நீங்களே குறிப்பிடவில்லை. இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. ஆதலால் அங்கிருந்து வரும் வானொலிக்காரர்களில் பெரும்பாலோர் பாட்டுக்கு இடையே கலகலப்பாகப் பேசத் தெரிந்தவர்களே ஒழிய, ஒரு செய்தியை எழுதத் தெரிந்தவர்கள் அல்லர். மாவட்டச் செய்தியைத் திரட்டி, நேர அளவுக்குள் சுருக்கி, யார் சொன்னார் என்பதைத் தெளிவாக்கி எழுதிய பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. விண்ணப்பத்தில் அதை முதலில் எழுதுங்கள்.

கிழக்குரொறன்ரோ எழுதியது:

ஒலிவாங்கி அவர்களின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டாலும், தாய்நாட்டுச் செய்தியை அவர் கைகழுவும் விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மெல்பேர்ணில் அது பொருந்தலாம். ரொறன்ரோவில் எங்களுடைய வானொலிகள் வளர்ந்த வரலாறு வேறு.

தொண்ணூறுகளில் இங்கே தமிழுக்கென்று ஒரு பண்பலை வரிசை கிடைக்கவில்லை. வேறொரு நிலையத்தின் அலைவரிசைக்குள் துணை அலையாக ஏற்றி அனுப்பும் முறையில்தான் இருபத்துநான்கு மணி நேரத் தமிழ் ஒலிபரப்புகள் இயங்கின. சாதாரண வானொலிப் பெட்டியில் அவை கேட்காது. அதற்கென்று தனிப் பெட்டி வாங்கி வைக்க வேண்டும். அப்படிப் பணம் கொடுத்துப் பெட்டி வாங்கிய குடும்பங்கள் எதைக் கேட்க வாங்கின என்று நினைக்கிறீர்கள்? ரொறன்ரோ மாநகர சபையின் தீர்மானங்களைக் கேட்பதற்காக அல்ல. வன்னியில் என்ன நடக்கிறது, எந்தக் கிராமம் இடம்பெயர்ந்தது, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறிவதற்காக. 2009-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், சுயாதீன ஊடகவியலாளர்கள் எவரும் போர்ப்பகுதிக்குள் அனுமதிக்கப்படாத நிலையில், உலகின் பெரிய செய்தி நிறுவனங்களுக்கும் எங்களுக்கும் இருந்த வழி ஒன்றே: தொலைபேசியும், அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவரின் குரலும். அந்த ஆண்டு மே 10 அன்று ஆயிரக்கணக்கான தமிழர்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி அமர்ந்தபோது, கனடிய ஊடகங்கள் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசின. அவர்கள் எதற்காக அங்கே அமர்ந்தார்கள் என்பதைச் சொல்லத் தாய்நாட்டை அறிந்த செய்தியாளர்தான் தேவைப்பட்டார்.

ஆனால் அதே காலம் எனக்குக் கற்றுத் தந்த ஒழுங்கையும் இங்கே சொல்ல வேண்டும். துயரத்தில் இருக்கும் சமூகத்துக்கு ஒலிபரப்பும்போது, உறுதிப்படுத்த முடியாத எண்ணிக்கையும் பெயர்ப் பட்டியலும் வந்துகொண்டே இருக்கும். அவற்றை உடனே வாசிக்கும்படி நேயர்களும் வற்புறுத்துவார்கள். யார் சொன்னது, அவர் கண்டதா கேட்டதா, எப்போது சொன்னது என்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் செய்தியோடு சேர்த்துச் சொல்வதைத் தவிர நமக்கு வேறு பாதுகாப்புக் கிடையாது. ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த செய்தி அறிக்கையில் அதை விட்டுவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் பாதியில் வானொலியைத் திறப்பவர் அந்த எச்சரிக்கையைக் கேட்டிருக்க மாட்டார். தாய்நாட்டுச் செய்தி தேவையில்லை என்று ஒதுக்குவதை விட, தொலைவில் இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது என்று கற்பதே பயன் தரும் என்பது என் எண்ணம்.

தேம்ஸ்கரை எழுதியது:

இலண்டனில் பன்னாட்டு ஒலிபரப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேலே பேசும் இருவரும் இரண்டு வேறு தொழில்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. புகுந்த நாட்டில் இருப்பவர்களுக்குப் புகுந்த நாட்டைப் பற்றிச் சொல்வது ஒன்று. புகுந்த நாட்டிலிருந்து பிறந்த நாட்டுக்கு ஒலிபரப்புவது மற்றொன்று. பி.பி.சி.யின் தமிழோசை இரண்டாவது வகை. 1941-இல் போர்க்காலத்தில் தொடங்கி, 2017 ஏப்ரலில் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தும் வரை, அதன் நேயர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்தான் இருந்தார்கள்.

இந்த இரண்டாவது வகைக்கு ஒரு தனி விலை உண்டு. அதைக் கேள்வி கேட்ட சகோதரி அறிந்திருப்பது நல்லது. இலண்டனில் பணியாற்றிய பல்கேரிய எழுத்தாளரும் வானொலிச் செய்தியாளருமான கியோர்கி மார்க்கோவ், 1978 செப்டம்பரில் வாட்டர்லூ பாலத்தருகே நஞ்சேற்றிய குண்டால் தாக்கப்பட்டு, நான்கு நாட்களில் இறந்தார். அது பனிப்போர்க் காலம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2017-இல் ஈரான் அரசு, பி.பி.சி. பாரசீகப் பிரிவில் பணியாற்றிய, முன்பு பணியாற்றிய 150-க்கும் மேற்பட்டோர் ஈரானில் வைத்திருந்த சொத்துகளை முடக்கியது. அவர்களுடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். தமிழில் நமக்கு மிக நெருக்கமான இழப்பு, தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பி வந்த மயில்வாகனம் நிமலராஜன். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில், அவருடைய வீட்டிலேயே அவர் கொல்லப்பட்டார். இலண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள் பாதுகாப்பாக வீடு திரும்பினார்கள்.

ஆகவே, ஊரில் உள்ள உங்கள் நண்பர் தொலைபேசியில் ஒரு தகவலைத் தரும்போது, அதன் விளைவு யார் தலையில் விழும் என்பதை நீங்கள் எண்ண வேண்டும். அவர் பேசத் தயாராக இருப்பதாலேயே அவருடைய பெயரையும் குரலையும் ஒலிபரப்பிவிடலாம் என்பதில்லை. ஒரு பஞ்சாயத்துத் தகராறு முதல் காவல்நிலைய மரணம் வரை, நீங்கள் எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறீர்கள், அவர் அதே தெருவில் இருக்கிறார்.

வேலையின் நிலைத்தன்மையைப் பற்றியும் ஒரு சொல். 2025 மார்ச் நடுவில் அமெரிக்க அரசின் ஆணையால் அதன் பன்னாட்டு ஒலிபரப்பான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா நிறுவனத்தின் 1,300-க்கும் மேற்பட்ட பணியாளர்கள் ஒரே நாளில் கட்டாய விடுப்பில் வைக்கப்பட்டார்கள். வேலையோடு பிணைந்த விசாவில் இருந்த வெளிநாட்டுச் செய்தியாளர்கள், எந்த அரசைப் பற்றிச் செய்தி சொன்னார்களோ அந்த அரசிடமே திருப்பி அனுப்பப்படலாம் என்ற அச்சத்துக்கு ஆளானார்கள். உங்களுடைய விசா எந்த நிறுவனத்தையும் சார்ந்தது அல்ல என்பது, நீங்கள் நினைப்பதை விடப் பெரிய சுதந்திரம்.

பொருநைக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. ஊர்ச் செய்தியைப் பற்றிய என் எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் பதில்களைப் படித்த பிறகு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. இந்த நாட்டின் சட்டமும் நிர்வாகமும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. அவற்றைக் கற்றுக்கொண்ட பிறகு ஒலிபரப்புக்குப் போவதா, போய்க்கொண்டே கற்பதா? அடுத்தது சற்றுச் சங்கடமானது. இங்கே தமிழ்ச் சமூகம் சிறியது. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் பார்த்துப் பேசும் ஒருவரைப் பற்றி மறுநாள் பாதகமான செய்தி சொல்ல வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?

கொங்குச்செவி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வந்து மெல்பர்னில் சமூக வானொலியில் தன்னார்வலராக இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால் உங்கள் முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்லலாம். போய்க்கொண்டே கற்பதுதான் வழி. ஆனால் சில விதிகளைக் கற்காமல் மைக்கின் முன் அமர எவரையும் நாங்கள் விடுவதில்லை.

இந்தியாவில் சமூக வானொலி சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது. இங்கே தாராளமாகத் தயாரிக்கலாம், அந்த உரிமையோடு பொறுப்புகளும் வருகின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் வரைதான் நிலையத்துக்குப் பணம் தரும் ஆதரவாளர்களின் அறிவிப்புகளை ஒலிபரப்பலாம். நகைக்கடைக்காரரோ வீட்டு மனைத் தரகரோ தன்னை நேர்காணல் செய்யச் சொல்லி வந்தால், அது செய்தியா விளம்பரமா என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும். அரசியல், நடப்பு நிகழ்வு சார்ந்த ஒலிபரப்பின் பதிவை ஆறு வாரம் வைத்திருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய புதன்கிழமை நள்ளிரவு முதல் வாக்குப்பதிவு முடியும் வரை வானொலியில் தேர்தல் விளம்பரம் செய்யக் கூடாது, செய்தி சொல்லலாம். இங்கே வாக்களிப்பது கட்டாயம், வாக்களிக்காதவருக்கு அபராதம் உண்டு. புதிதாகக் குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்கு இதைச் சொல்வதே ஒவ்வொரு தேர்தலிலும் எங்களுக்கு ஒரு முழு நிகழ்ச்சியாக அமைந்துவிடுகிறது.

ஊர்ப் பழக்கத்தில் வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் நீதிமன்றச் செய்தி. குடும்ப நீதிமன்ற வழக்கில் தொடர்புடையவரை அடையாளம் காட்டும் விவரத்தை ஒலிபரப்புவது குற்றம். பெயரைச் சொல்லாமல், வேலையையும் வசிக்கும் பகுதியையும் கோயில் நிர்வாகத்தில் வகிக்கும் பதவியையும் சொன்னால்கூட, இவ்வளவு சிறிய சமூகத்தில் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். புகலிடம் நாடிப் பாதுகாப்பு விசா கேட்டு வழக்காடுபவரின் பெயரை நீதிமன்றங்களே வெளியிடுவதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டால்தான் தீர்ப்பில் குறிப்பிடுகின்றன. அவதூறு வழக்கும் இங்கே வெறும் மிரட்டலாக நின்றுவிடுவதில்லை. நேரலையில் தொலைபேசியில் வரும் நேயர் ஒருவர் இன்னொருவரைத் திருடன் என்று சொன்னால், அதை ஒலிபரப்பிய நிலையமும் பொறுப்பேற்க வேண்டும்.

தொழில்நுட்பத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கற்பதும் கடினமில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஆங்கிலத்தில் பேசும் அதிகாரியின் பேட்டியைத் தமிழில் தரும்போது, அவருடைய சொந்தக் குரல் சில நொடிகள் தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு அதைத் தணித்துத் தமிழை மேலே ஏற்ற வேண்டும். முடிவில் மீண்டும் அவர் குரல் தெரிய வேண்டும். முழுவதையும் நாமே தமிழில் சொல்லிவிட்டால், அவர் உண்மையாகவே சொன்னாரா என்ற ஐயம் நேயருக்கு எழுகிறது. அதிகாரிகளின் ஊடக அலுவலர்கள் பெரும்பாலும் எழுத்து வடிவில் பதில் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். வானொலிக்குக் குரல் தேவை என்று பணிவாகவும் விடாமலும் கேளுங்கள். ஆங்கிலம் அறியாத வாக்காளர்கள் அமைச்சரின் தொகுதியில் எத்தனை பேர் என்று நினைவுபடுத்தினால் பல நேரம் அமைச்சரே பேச வந்துவிடுகிறார்.

சம்பளம் இருக்காது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சமூக வானொலியில் ஏறக்குறைய அனைவரும் ஊதியமின்றிப் பணியாற்றுகிறோம். இங்கே ஒலிபரப்பிய பதிவுகளைக் காட்டிப் பொது ஒலிபரப்பில் தற்காலிகப் பணிக்கும், அதிலிருந்து நிலையான பணிக்கும் சென்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இடங்கள் குறைவு. குடும்பச் செலவுக்கு வேறொரு வருமானத்தை வைத்துக்கொண்டு வருவதே நிதானமான வழி. உங்கள் நண்பர்கள் சொன்ன கணக்கர் படிப்பை அடியோடு தள்ளிவிட வேண்டாம்.

ஒலிவாங்கி எழுதியது:

ரொறன்ரோ நண்பரின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. போர்க்காலத்தை அளவுகோலாக வைத்தால் நான் சொன்னது பொருந்தாதுதான். ஆனாலும் அந்த நெடுஞ்சாலைச் செய்தி கனடாவில் நடந்தது என்பதை அவர் கவனிக்க வேண்டும். எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. குயின்ஸ்லாந்தின் பிலோலா என்னும் சிறு நகரத்தில் வாழ்ந்த தமிழ்ப் புகலிடக் கோரிக்கையாளர் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடிகாலையில் அதிகாரிகள் கொண்டு சென்றார்கள். 2019-இல் நாடுகடத்தும் விமானம் நீதிமன்ற ஆணையால் டார்வினில் நிறுத்தப்பட்டது. பிறகு கிறிஸ்மஸ் தீவில் அடைக்கப்பட்டு, 2022 யூனில்தான் அவர்கள் பிலோலாவுக்குத் திரும்பினார்கள். இலங்கையின் நிலைமையையும் அவுஸ்திரேலியக் குடிவரவுச் சட்டத்தையும் சேர்த்து அறிந்தவரால் மட்டுமே அந்தச் செய்தியைத் தமிழில் முழுமையாகச் சொல்ல முடிந்தது. தாய்நாட்டு அறிவு வீண் என்று நான் சொல்லவில்லை. அதை இந்த மண்ணில் நடக்கும் செய்திக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும் என்கிறேன்.

கோயிலில் சந்திப்பவரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் சமூக அமைப்புகள் வானொலியைத் தங்கள் அறிவிப்புப் பலகையாகவே கருதிப் பழகிவிட்டன. அவர்களுடைய நிதிக் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதைத் துரோகமாகப் பார்ப்பார்கள். ஒலிபரப்புவதற்கு முன் சம்பந்தப்பட்டவரை நேரில் அழைத்து, என்ன சொல்லப்போகிறோம் என்பதைத் தெரிவித்து, அவருடைய பதிலைப் பதிவு செய்து, அதை வெட்டிக் குறைக்காமல் சேருங்கள். பேச மறுத்தால், மறுத்தார் என்பதைச் சொல்லுங்கள். நெருங்கிய நண்பர் என்றால் அந்தச் செய்தியைச் சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதன் பிறகும் சிலர் உங்களோடு பேசாமல் போவார்கள். அதைத் தவிர்க்கும் உபாயம் எதையும் நான் அறியவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். டார்னீட் ரயில் நிலையத்திலிருந்தே தொடங்கலாம். 2015-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தைச் சுற்றி நம்மவர்கள் எத்தனை பேர் குடியேறியிருக்கிறார்கள் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். மின்சார ரயில் இல்லாத அந்தப் பாதையில், காலை நேர டீசல் ரயிலில் இடம் கிடைக்காமல் நிற்பவர்களிடம் ஒப்புதல் பெற்றுத் தமிழில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் ஆங்கிலத்தில் விளக்கம் கேளுங்கள். உங்கள் பகுதியின் விண்டம் மாநகர சபைக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. சாலைகளைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள் என்று போய் அமர்ந்து கேளுங்கள். அவற்றை நான்கு நிமிட ஒலித்தொகுப்பாக்கிக் கொங்குச்செவி அவர்களிடம் கொடுத்தால், உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அவர் கேட்ட உடனே சொல்லிவிடுவார்.